தோழர் சொன்ன யோபுவின் சரித்திரம்

1712-ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்டர் திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர். உதயகிரிக் கோட்டைப் பணியில் அவருக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் டிலனாய். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர், பின்னர் மார்த்தாண்டவர்ம மகாராஜாவின் படைக்கே பயிற்சியளித்தவர், கத்தோலிக்கர்.

அந்நாளில் நீலகண்டர் கால்நடைகளையும் உடைமைகளையும் அடுத்தடுத்து இழந்து மனமொடிந்திருந்தார். முகவாட்டம் கண்ட டிலனாய் காரணம் வினவினார். அவர் குருவுமல்லர், உபதேசியாருமல்லர், போர்வீரர். ஆகவே தர்க்கத்தில் இறங்கவில்லை. மாடுகளையும் மக்களையும் இழந்தும் இறைவனைப் பழிக்காத யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். மாட்டைப் பறிகொடுத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான ஞானோபதேசம் ஏது! நீலகண்டர் மேலும் மேலும் கேட்டார், நண்பர் சொல்லிவந்தார். அவரே ஞானஸ்நானம் விரும்பியபோது, எல்லைக்கு அப்பாலிருந்த வடக்கன்குளத்துக்கு, சேசு சபைக் குரு புத்தாரி சுவாமிகளிடம் அனுப்பிவைத்தார். 1745 மே 14-இல் நீலகண்டர் தேவசகாயமானார். லாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவம் அது. மனைவி பார்கவியும் பிற்பாடு ஞானப்பூ ஆனார்.

விசுவாசத்துக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. 1749-இல் கைது, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானம், 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கமானார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

1777-இல் மறைந்த டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.