வாசலில் நின்றவர்களுக்கு வழக்காடியவர் - எர்னஸ்ட் பெவின்

பொழுது விடிகிற நேரம். லண்டன் துறைமுகத்தின் வாசலில் நூற்றுக்கணக்கான ஆண்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். மூட்டையை இழுக்கும் இரும்புக் கொக்கிதான் அவர்களுடைய ஆயுதம். மேஸ்திரி வருகிறார். கூட்டத்தை ஒரு நோட்டம் விடுகிறார். விரலைக் காட்டி ஆள் பொறுக்குகிறார். பொறுக்கப்பட்டவன் உள்ளே போகிறான். மற்றவன் வெறுங்கையோடு திரும்புகிறான். மத்தியானம் மறுபடியும் வந்து நிற்கிறான். அப்போதும் வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

கப்பல் வந்தால் கூலி. வராவிட்டால் பட்டினி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டிஷ் துறைமுகத் தொழிலாளியின் வாழ்க்கை இதுதான்.

வாசலில் நின்ற நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? இந்த ஒரு கேள்வியை முப்பது வருஷ காலம் விடாமல் கேட்டவர் எர்னஸ்ட் பெவின். பிரிட்டனின் வெளிநாட்டு மந்திரியாக உலகம் முழுவதும் அறியப்பட்டவர். ஆனால் கூலிக்காரர் வீடுகளில் அவர் பெயர் நிலைத்தது வேறொரு காரியத்துக்காக.

தந்தை பெயர் தெரியாத பிள்ளை

1881-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் சோமர்செட் ஜில்லாவில் வின்ஸ்போர்டு என்ற சிறு கிராமத்தில் பெவின் பிறந்தார். தந்தை யாரென்று அவருக்குத் தெரியாது. தாய் மெர்சி கிராமத்து வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினாள். பெவினுக்கு எட்டு வயது நடக்கும்போது அவளும் கண்ணை மூடினாள். டெவன் ஜில்லாவில் இருந்த அக்காள் அவரை எடுத்து வளர்த்தாள்.

பதினோராவது வயதில் படிப்பு முடிந்தது. ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்த்து விட்டார்கள். சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. வாரத்துக்கு ஆறு பென்ஸ் சம்பளம். அதையும் வாரா வாரம் கொடுப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் கைக்கு வரும். உழைப்பு இன்றைக்கு, கூலி என்றைக்கோ. இந்தப் பாடத்தைப் பெவின் அங்கேயே கற்றுக் கொண்டார்.

அந்தப் பண்ணை வீட்டில் இரவு நேரங்களில் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டுவதும் சிறுவனுடைய வேலை. பள்ளிக்கூடம் சொல்லித் தராத உலக விஷயங்களைப் பத்திரிகை சொல்லித் தந்தது.

பதின்மூன்றாவது வயதில் பிரிஸ்டல் நகரத்துக்கு வந்தார். ஓட்டல் சமையல்கட்டில் வேலை. பிறகு வண்டிப் பையன். பிறகு டிராம் கண்டக்டர். பிறகு சோடா, கலர் ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிக்காரர். நடுநடுவே வேலை இல்லாத வாரங்களும் உண்டு. பிற்காலத்தில் வேலையில்லாதவனைச் சோம்பேறி என்று பெரிய மனிதர்கள் ஏசியபோது, அது எவ்வளவு பொய் என்று அவருக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும்.

மாதா கோவிலில் மௌனம்

1908-ம் ஆண்டு குளிர்காலம். பிரிஸ்டலில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. வேலை கேட்கும் உரிமைக்காக ஒரு கமிட்டி அமைந்தது. அதன் காரியதரிசி பெவின்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுமார் 400 வேலையில்லாதவர்களை அவர் வரிசையாக அழைத்துக் கொண்டு போனார். எங்கே? பணக்காரர்கள் பிரார்த்தனை செய்யும் பெரிய மாதா கோவிலுக்கு! கந்தலும் கிழிசலுமாக அவர்கள் உள்ளே போய் நின்றார்கள். கோஷம் இல்லை, கலாட்டா இல்லை. பூசை முடிந்ததும் வந்த வழியே அமைதியாகத் திரும்பினார்கள். ஊர் முழுவதும் அதே பேச்சு. நகரசபை அசைந்து கொடுத்தது. ஈஸ்ட்வில் பூங்காவில் ஏரி வெட்டும் வேலை வேலையில்லாதவர்களுக்குக் கிடைத்தது. அந்த ஏரி அங்கே இன்றைக்கும் இருக்கிறது.

1910-ல் வண்டிக்காரர்களைச் சேர்த்துத் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் தனிக் கிளை அமைத்தார். அடுத்த வருஷம் சங்கத்தின் முழுநேர ஊழியரானார். அன்று முதல் துறைமுக வாசல் அவருடைய பாடசாலை ஆயிற்று.

தட்டில் வைத்த சாட்சியம்

1920-ம் ஆண்டு. நாளைக்கு 16 ஷில்லிங் கூலி வேண்டும் என்று துறைமுகத் தொழிலாளர்கள் கேட்டார்கள். லார்டு ஷா தலைமையில் விசாரணை மன்றம் அமைந்தது. முதலாளிகள் தரப்பில் பெரிய வக்கீல். தொழிலாளர் தரப்பில் பதினோரு வயதோடு படிப்பை விட்ட பெவின்!

அவருடைய துவக்க வாதம் மட்டும் நாள் கணக்கில் நீண்டது. பௌலி என்ற புள்ளிவிவரப் பேராசிரியர் முதலாளிகளுக்காகச் சாட்சி சொன்னார். ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு இவ்வளவு இருந்தால் போதும் என்று அவர் கணக்குக் காட்டினார். பெவின் கிழக்கு லண்டன் கடைத்தெருவுக்குப் போனார். பேராசிரியர் கணக்குப்படி சாமான் வாங்கினார். சமைத்துத் தட்டுகளில் பங்கு போட்டார். அதை அப்படியே மன்றத்தின் முன் கொண்டு வந்து வைத்தார். நாள் முழுவதும் தானிய மூட்டை சுமக்கிற மனிதனுக்கு இந்தத் துணுக்குச் சாப்பாடு போதுமா என்று கேட்டார். மன்றத்தில் இருந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். அதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை.

16 ஷில்லிங் கிடைத்தது. பெவினுக்குத் துறைமுகத் தொழிலாளரின் கே.சி. என்று பட்டப்பெயரும் கிடைத்தது. கே.சி. என்பது மன்னருடைய வக்கீல்களுக்கு உள்ள கௌரவம்.

ஆனால் பெவின் கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. துறைமுகத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய வேண்டும். வேலைக்கு வந்து நின்று வேலை கிடைக்காமல் போனால், அந்த நாளுக்கும் அவர்களுக்கு ஜீவனப் பணம் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டார். கப்பல் எப்போது வரும் என்று முதலாளிக்கே தெரியாது. ஆகவேதான் ஆள்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பு தொழிலுக்குத் தேவை. தொழிலுக்குத் தேவையான செலவைத் தொழிலாளியின் வயிறு ஏன் சுமக்க வேண்டும்? இதுதான் அவர் வாதம். விசாரணை மன்றம் இதையும் நியாயம் என்று ஏற்றது. ஆனால் ஏற்றது காகிதத்தோடு நின்றது. அடுத்த வருஷமே வியாபாரம் மந்தமாகிக் கூலியும் இறங்கத் தொடங்கியது.

மூன்று நாள் கொக்கி, மூன்று நாள் புத்தகம்

ஜீவனப் பணம் வரவில்லை. அதற்குப் பதில் வேறொன்று வந்தது. 1920-ம் ஆண்டுச் சட்டப்படி வேலையில்லாதோர் இன்ஷூரன்ஸ் துறைமுகத் தொழிலாளிக்கும் கிடைத்தது. வேலை செய்யும்போது சந்தா கட்ட வேண்டும். வேலையில்லாத நாளில் வேலைவாய்ப்பு ஆபீசில் கையெழுத்துப் போட்டு உதவிப் பணம் வாங்கலாம்.

மாதக்கணக்கில் வேலை இழந்தவனுக்கு இது சுலபம். ஆனால் திங்கட்கிழமை வேலை, செவ்வாய்க்கிழமை இல்லை, புதன்கிழமை அரை நாள் என்று பிழைப்பவனுக்கு என்ன கணக்கு? அதற்கு ஒரு விதி இருந்தது. தொடர்ந்தாற்போல் ஆறு நாளில் மூன்று நாள் வேலை இல்லாவிட்டால் உதவிப் பணம் உண்டு. நாலு நாள் வேலை கிடைத்துவிட்டால் கிடையாது.

ஆகவே மூன்று நாள் கொக்கி பிடிப்பது, மூன்று நாள் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது என்று துறைமுகங்களில் வழக்கம் ஏற்பட்டது. நாலாவது நாள் அரை நாள் வேலை வந்தால் தொழிலாளி தயங்கினான். அந்த அரை நாள் கூலியை வாங்கினால் மூன்று நாள் உதவிப் பணம் போய்விடும். வேலை செய்தால் நஷ்டம்; செய்யாவிட்டால் லாபம். கள்ளத்தனம் தொழிலாளியிடம் இல்லை. விதியிலேயே இருந்தது.

பத்திரிகைகள் தொழிலாளியைத் திட்டின. முதலாளிக்கோ இதில் சௌகரியம் இருந்தது. தேவைக்கு அதிகமான ஆள்கள் வாசலில் எப்போதும் தயாராக நிற்பார்கள். அவர்கள் நிற்கிற செலவில் ஒரு பகுதி இன்ஷூரன்ஸ் நிதியிலிருந்து போகும்.

அந்த நாளில் உதவிப் பணம் கேட்பவன், தான் உண்மையாக வேலை தேடினதை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. 1930-ல்தான் அது நீங்கியது. 1931-ல் அதைவிடக் கொடிய ஒன்று வந்தது. உரிமைக் காலம் முடிந்தவர் மேற்கொண்டு உதவி கேட்டால், அதிகாரிகள் வீட்டுக்கு வந்து குடும்பத்தார் அனைவருடைய வருமானத்தையும் கணக்கெடுத்தார்கள். மகன் சம்பாதித்தால் தகப்பன் பணம் குறைந்தது. மகன் சோற்றில் தகப்பன் சாப்பிடும்படி ஆயிற்று. எத்தனையோ வீடுகளில் சண்டை மூண்டது. பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

இந்தக் காலத்தில் பெவின் சும்மா இருக்கவில்லை. 1922-ல் பதினான்கு சங்கங்களை ஒன்றாக்கிப் போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கத்தை நிறுவியிருந்தார். அதன் பொதுக் காரியதரிசியாகப் பதினெட்டு வருஷம் இருந்தார். அது நாட்டிலேயே மிகப் பெரிய சங்கமாக வளர்ந்தது. ஆனால் வாசலில் நிற்பவனுக்கு ஜீவனப் பணம் என்ற கோரிக்கை மட்டும் கைகூடவில்லை.

மந்திரி பதவி

1940-ம் ஆண்டு மே மாதம். யுத்தம் பிரிட்டனின் தலைக்கு மேல் வந்துவிட்டது. பிரதம மந்திரி சர்ச்சில், பெவினைத் தொழில் மந்திரி ஆக்கினார். அதுவரை அவர் பார்லிமெண்டில் கால் வைத்ததே இல்லை.

குண்டு வீச்சுக்கு அஞ்சிக் கப்பல்கள் மேற்குக் கரைத் துறைமுகங்களுக்குத் திருப்பப்பட்டன. அங்கே சரக்கு இறக்க ஆள் நிச்சயம் வேண்டும். வந்தவனைப் பொறுக்கும் பழைய முறை இனி உதவாது. இருபது வருஷம் தூங்கிய கோரிக்கைக்கு அப்போது உயிர் வந்தது. 1940-ல் பதிவு கட்டாயமாயிற்று. 1941-ல் தேசியத் துறைமுகத் தொழிலாளர் கார்ப்பரேஷன் அமைந்தது. காலையிலும் மத்தியானத்திலும் ஆஜராகி வேலை கிடைக்காமல் நின்றவனுக்கு ஆஜர் பணம் கொடுக்கப்பட்டது. முதலாளிக்கு முதலாளி அலைந்து கூலி கேட்க வேண்டிய தொல்லையும் தீர்ந்தது. எல்லாக் கூலியும் ஒரே இடத்தில் வாரந்தோறும் கிடைத்தது.

குடும்பம் முழுவதையும் கணக்கெடுத்த அந்தக் கொடிய சோதனையும் 1941-ம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. பெவின் அதற்காக மந்திரி சபையில் வற்புறுத்தியிருந்தார்.

உரிமை வந்தபோது கட்டுப்பாடும் வந்தது. குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். அனுப்பிய இடத்துக்குப் போக வேண்டும். சுதந்திரமாக இருந்து பழகிய தொழிலாளர் பலருக்கு அது கசந்தது. யுத்த காலத்தில் வேலை நிறுத்தத்தைத் தடுத்த உத்தரவும் பெவின் போட்டதுதான். குலுக்கல் முறையில் வாலிபர்களை நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பியவரும் அவரே. தொழிலாளியின் தோழர் தொழிலாளியைக் கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டவர்கள் உண்டு. பெவின் மனத்தை மாற்றிக் கொள்ளவில்லை.

யுத்தம் முடிந்து 1945-ல் தொழிற்கட்சி ஆட்சி வந்தது. பெவின் வெளிநாட்டு மந்திரியானார். துறைமுக ஏற்பாடு யுத்தத்தோடு போய்விடவில்லை. 1946-ல் சட்டமாயிற்று. 1947-ல் நிரந்தரத் திட்டமாயிற்று. சங்கமும் முதலாளிகளும் சம பங்கு பெற்ற வாரியம் அதை நடத்தியது.

சென்னைக்கும் வந்தது

அந்த ஏற்பாடு கடல் கடந்தும் வந்தது. 1948-ல் இந்தியாவிலும் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம் நிறைவேறியது. பின்னர் பம்பாய், கல்கத்தா, சென்னை முதலிய துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்கள் ஏற்பட்டன. பதிவு செய்த தொழிலாளி ஆஜராகியும் வேலை இல்லாவிட்டால் பணம் உண்டு என்ற நியாயம் சென்னைத் துறைமுகத்து வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

பெவின் 1951-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி காலமானார். மன்னர்களும் கவிஞர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருடைய அஸ்தி வைக்கப்பட்டது. 1967-ல் பிரிட்டிஷ் துறைமுகங்களில் அன்றாடக் கூலி முறையே ஒழிந்து, நிரந்தர வேலை வந்தது. 1989-ல் துறைமுகத் திட்டத்தைப் பிரிட்டிஷ் சர்க்கார் ரத்து செய்தது.

திட்டம் போயிற்று, கேள்வி போகவில்லை. இன்றைக்கும் எத்தனையோ பேர் காலையில் கூலிக்காகத் தெரு முனையில் நிற்கிறார்கள். ஒரு நாள் வேலை உண்டு, மறுநாள் இல்லை. செய்த வேலைக்குப் பணம் தாமதமாக வருகிறது. அந்த மனிதன் உதவி கேட்டு வரும்போது, இவன் உழைப்பாளியா, சும்மா இருப்பவனா என்று விதிப் புத்தகம் தடுமாறுகிறது. வாசலில் வந்து நிற்பவன் தன் கடமையைச் செய்துவிட்டான் என்பதே பெவினுடைய பதில். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூலி வாங்கிய பண்ணைச் சிறுவன் அதை ஒருநாளும் மறக்கவில்லை.