அதிரும் தகட்டின் கணக்கு

சுவிட்சர்லாந்தின் தெற்கே, ஆல்ப்ஸ் மலைத்தொடருக்கு நடுவே, வலே என்னும் மாநிலம் உள்ளது. அதன் தலைநகரான சியோனில் 1878ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் வால்ட்டர் ரிட்ஸ் பிறந்தார். அவருடைய தந்தை ரஃபேல் ரிட்ஸ் பெயர்பெற்ற ஓவியர். மலைநாட்டு மக்களின் அன்றாட வாழ்வைத் தம் ஓவியங்களில் தீட்டியவர். தாயார் ஒரு பொறியாளரின் மகள். வால்ட்டருக்குப் பதினாறு வயதாக இருந்தபோது தந்தை காலமானார்.

பள்ளியில் ரிட்ஸ் மிகச் சிறந்த மாணவராக விளங்கினார். 1897ஆம் ஆண்டு, சூரிக் நகரிலிருந்த புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயிலச் சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அவர் வாழ்வில் ஒரு துயரம் நேர்ந்தது. நண்பர்களோடு புளூரர் என்னும் மலைச்சிகரத்தில் ஏறியபோது, உடன் வந்தவர்களில் சிலர் பனியில் வழுக்கி, அவர் கண்ணெதிரிலேயே பள்ளத்தில் விழுந்து மாண்டனர். அந்த அதிர்ச்சியும், மீட்புப் பணியின்போது கடுங்குளிரில் பட்ட பாடும் அவர் உடல்நலத்தைக் குலைத்தன. அதன்பின் அவர் முழு நலத்தோடு வாழ்ந்த காலம் மிகக் குறைவு.

கல்லூரியில் மற்றொரு சிக்கல் எழுந்தது. பொறியாளர்கள் கணக்குப் போடும் முறை ரிட்ஸுக்குப் பிடிக்கவில்லை. பாலமோ இயந்திரமோ எதுவாயினும், துல்லியமான விடை கிடைக்காதபோது தோராயமான விடையைக் கொண்டு அவர்கள் வேலையை முடித்தார்கள். ரிட்ஸின் மனம் அதற்கு இடம் தரவில்லை. பொறியியலை விட்டுவிட்டு, இயற்பியலுக்கும் கணிதத்திற்கும் மாறினார். அவரைவிட ஓராண்டுக்கு முன்னர் அதே கல்லூரியில் சேர்ந்திருந்த இன்னொரு மாணவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்.

சூரிக்கின் ஈரக்காற்று ரிட்ஸின் நுரையீரலுக்கு ஒத்துவரவில்லை. 1901இல் அவர் ஜெர்மனியின் கெட்டிங்கன் நகருக்குச் சென்றார். அக்காலத்தில் கணிதம் பயில்வோருக்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை என்றே சொல்லலாம். ஹில்பர்ட் போன்ற மேதைகள் அங்கே பாடம் நடத்தினர். 1902இல், அணுக்கள் வெளிவிடும் ஒளியின் நிறமாலையைப் பற்றி ஆய்வு செய்து ரிட்ஸ் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் லைடன், பாரிஸ் ஆகிய நகரங்களில் ஆய்வைத் தொடர்ந்தார். ஆனால், 1904இல் காசநோய் முற்றியது. அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து இல்லை. தூய காற்றும் ஓய்வுமே மருத்துவர்கள் தந்த சிகிச்சை. மூன்று ஆண்டுகள் அவர் எதையும் வெளியிடவில்லை. நோயாளர் இல்லத்திலும், சொந்த ஊரிலும், கடலோர நகரமான நீஸிலுமாக நாள்கள் கழிந்தன.

இக்காலத்தில் அவர் மனத்தை ஈர்த்த கணக்கு நூறாண்டுகளுக்கும் மேல் பழைமையானது. எர்ன்ஸ்ட் கிளாட்னி என்னும் ஜெர்மானிய அறிஞர் 1787இல் ஒரு சோதனையை விவரித்திருந்தார். மெல்லிய தகடு ஒன்றின்மீது மணலைத் தூவி, அதன் விளிம்பில் வயலின் வில்லை இழுக்க வேண்டும். தகடு அதிர்ந்து ஒலி எழுப்பும். மணல் துள்ளிக் குதித்து, தகட்டில் அசையாமல் இருக்கும் கோடுகளில் போய்ச் சேரும். அப்போது தட்டின்மேல் ஓர் அழகிய கோலம் தோன்றும். ஒலியின் சுருதி மாறினால் கோலமும் மாறும். நெப்போலியனே இச்சோதனையைக் கண்டு வியந்தார். இதற்குக் கணித விளக்கம் தருபவருக்குப் பாரிஸ் அறிவியல் கழகம் பரிசு அறிவித்தது. சோஃபி ஜெர்மேன் என்னும் பெண்மணி பலமுறை முயன்று, 1816இல் அப்பரிசைப் பெற்றார். பின்னர், 1850இல் கிர்க்காஃப் என்னும் இயற்பியலாளர் வட்டத் தகட்டுக்கு விடை கண்டார். சதுரத் தகடு மட்டும் எவருக்கும் பிடிகொடுக்கவில்லை. விளிம்புகள் எங்கும் பொருத்தப்படாமல் தாமாக அசையும் சதுரத் தகட்டின் அதிர்வை ஒரே சூத்திரத்தில் அடக்கிச் சொல்ல இயலவில்லை.

ரிட்ஸ் வேறு வழியில் சிந்தித்தார். இரு முனைகளில் கட்டப்பட்ட துணிக்கொடி தானாகவே ஒரு வளைவில் தொங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அதன் ஆற்றல் ஆகக் குறைவாக இருக்கும் வடிவம் அதுவே. பாரம் சுமக்கும் தகடும் அப்படித்தான். எத்தனையோ வடிவங்களில் அது வளையலாம். ஆனால், ஆற்றல் ஆகக் குறைவாக உள்ள வடிவத்தையே இயற்கை தேர்ந்தெடுக்கிறது. அந்த ஒரு வடிவத்தைச் சூத்திரத்தால் பிடிக்க முடியாவிட்டால் என்ன? நமக்கு நன்கு தெரிந்த எளிய வளைவுகள் சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு சேர்ப்பது என்பதை மட்டும் தெரியாத எண்ணாக வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கூட்டி, ஆற்றல் ஆகக் குறைவாக வரும்படி அந்த எண்களைக் கண்டுபிடித்தால் போதும். கடினமான சமன்பாடு மறைந்து, பள்ளிக் கணிதத்தில் வருவது போன்ற சாதாரணச் சமன்பாடுகள் சில மிஞ்சும். கூடுதல் வளைவுகளைச் சேர்க்கச் சேர்க்க, விடை உண்மையை நெருங்கும். தோராயத்தை வெறுத்துப் பொறியியலைக் கைவிட்டவர், தோராயத்தையே நம்பத்தகுந்த ஒரு முறையாக ஆக்கினார். விடை உண்மையை நெருங்கும் என்பதை அவர் வெறுமனே சொல்லிவிட்டுப் போகவில்லை. அதற்குக் கணித ஆதாரமும் காட்டினார்.

அவ்வேளையில் பாரிஸ் அறிவியல் கழகம், விளிம்புகள் இறுகப் பொருத்தப்பட்ட தகட்டைப் பற்றிய கணக்கு ஒன்றுக்கு 1907ஆம் ஆண்டின் வையான் பரிசை அறிவித்திருந்தது. ரிட்ஸும் தம் கட்டுரையை அனுப்பினார். பரிசு ஹடமார் உள்ளிட்ட நால்வருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ரிட்ஸின் கட்டுரைக்குப் பாராட்டுக் குறிப்புகூடக் கிடைக்கவில்லை.

நோய் தீராது என்பதை ரிட்ஸ் அதற்குள் உணர்ந்திருந்தார். ஓய்வெடுத்து வாழ்நாளைச் சற்று நீட்டிப்பதா, எஞ்சிய நாள்களை ஆய்வுக்குக் கொடுப்பதா என்னும் கேள்வி அவர்முன் நின்றது. அவர் ஆய்வைத் தேர்ந்தெடுத்தார். 1907இல் டியூபிங்கனுக்கும் 1908இல் மீண்டும் கெட்டிங்கனுக்கும் சென்று, அடுத்தடுத்துக் கட்டுரைகளை எழுதினார். நிறமாலைக் கோடுகளைப் பற்றி 1908இல் அவர் கண்ட சேர்க்கை விதி, பிற்காலத்தில் போர் என்னும் அறிஞரின் அணுக் கொள்கைக்குத் துணைநின்றது. கழகம் கண்டுகொள்ளாத தகட்டு முறையையும் அவர் விரிவாக எழுதி வெளியிட்டார். 1909இல், சதுரத் தகட்டின் அதிர்வுகளைக் கணக்கிட்டு, கிளாட்னியின் மணல் கோலங்களைத் தாளில் வரைந்து காட்டினார். கணினி இல்லாத காலம் அது. எல்லாவற்றையும் கையால்தான் கணக்கிட்டார். கிளாட்னி பதிவு செய்திருந்த சுருதிகளோடு அவருடைய எண்கள் நெருங்கிப் பொருந்தின.

அவ்வாண்டில் சூரிக் பல்கலைக்கழகம் கோட்பாட்டு இயற்பியலுக்கு ஒரு பேராசிரியரைத் தேடியது. முதலில் பேசப்பட்ட பெயர் ரிட்ஸுடையது. நோயின் காரணமாக அவரால் பணியாற்ற இயலாது என்பதால் அப்பதவி ஐன்ஸ்டீனுக்குச் சென்றது. ஒளியைப் பற்றிய கருத்தில் இருவரும் எதிரெதிர் அணியில் நின்றனர். தங்கள் கருத்துகள் எங்கே வேறுபடுகின்றன என்பதை விளக்கி, இருவரும் சேர்ந்தே ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டனர். வாதம் செய்வோரிடையே இத்தகைய பண்பு அரிது.

1909 ஏப்ரல் மாதம் பிரெஞ்சுக் கணித மேதை புவான்கரே கெட்டிங்கனுக்கு வந்தார். ரிட்ஸைச் சந்தித்தபோது, பாரிஸ் கழகம் அவருடைய கட்டுரைக்கு உரிய மதிப்பை அளிக்கத் தவறியதை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடுசெய்யப்படும் என்று தெரிவித்தார். அக்கழகம் அவ்வாறே லெகோந்த் பரிசை ரிட்ஸுக்கு வழங்கியது. ஆனால், அதைப் பெற அவர் உயிரோடு இல்லை. 1909ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், முப்பத்தோராம் வயதில், கெட்டிங்கனில் அவர் காலமானார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவருடைய கட்டுரைகள் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டுப் பாரிஸில் வெளிவந்தன.

ரிட்ஸின் முறையை முதலில் கையில் எடுத்தவர்கள் ரஷ்யப் பொறியாளர்கள். தீமோஷென்கோ அதைக் கொண்டு தூண்களையும் தகடுகளையும் ஆராய்ந்தார். கலேர்கின் 1915இல் அதன் பயன்பாட்டை மேலும் விரிவாக்கினார். எனினும், ஒரு குறை இருந்தது. ரிட்ஸ் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு வளைவும் தகடு முழுவதையும் மூடுவது. சதுரத்திற்கு அது பொருந்தும். விமானத்தின் இறக்கையைப் போல் கோணலும் துளையும் விலா எலும்பு போன்ற சட்டங்களும் உள்ள ஒன்றுக்கு அத்தகைய வளைவை எங்கே தேடுவது? கெட்டிங்கனில் பயின்று, நாஜிகளால் பதவி இழந்து, நியூயார்க்கில் குடியேறிய ரிச்சர்ட் கூரன்ட், 1943இல் ஒரு வழி காட்டினார். பொருளை முதலில் சிறு முக்கோணங்களாகப் பிரித்துவிட வேண்டும். ஒவ்வொரு முக்கோணத்திற்குள்ளும் மிக எளிய வடிவம் ஒன்றே போதும். முக்கோணங்களின் மூலைகளில் உள்ள மதிப்புகளே கண்டுபிடிக்க வேண்டிய எண்கள். அவற்றை ரிட்ஸ் காட்டிய வழியிலேயே காணலாம். முக்கோணங்கள் பெருகினால் சமன்பாடுகளும் நூற்றுக்கணக்கில் பெருகும். அவற்றைத் தீர்க்கக் கணினி தேவை. அது அப்போது கைக்கு எட்டவில்லை.

1950களில் கணினி வந்தது. அமெரிக்காவின் போயிங் நிறுவனத்தில் விமான இறக்கையின் வலிமையை ஆராய்ந்த குழுவினர், கூரன்டின் கட்டுரையைப் பின்பற்றாமல், தாங்களாகவே இதே போன்ற வழியை அடைந்து 1956இல் வெளியிட்டனர். அக்குழுவில் ஒருவரான ரே கிளஃப், 1960இல் அதற்கு முடிவுறு கூறுமுறை என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். எண்ணிக்கையில் அடங்கும் சிறு கூறுகளால் ஒரு பெரும் பொருளைக் கணக்கிடும் முறை என்பது அதன் பொருள். அதன் அடித்தளத்தில் இருப்பது ரிட்ஸின் கருத்துத்தான் என்பதைக் கணித அறிஞர்கள் விரைவில் கண்டுகொண்டனர்.

இன்று அணைக்கட்டு, கார், செயற்கை இடுப்பு மூட்டு என எதை வடிவமைத்தாலும், செய்து பார்ப்பதற்கு முன் கணினித் திரையில் அதைச் சிறு கூறுகளாகப் பிரித்துச் சோதிக்கிறார்கள். நிலநடுக்கத்தின்போது ஓர் உயரமான கட்டடம் எப்படி அதிரும் என்று கணக்கிடும் மென்பொருள்களில், ரிட்ஸ் திசையன் என்றொரு தெரிவை இன்றும் காணலாம்.