கண்ணைக் காத்தவர்

அமெரிக்க மக்கள் பெரிதும் போற்றும் பேஸ்போல் ஆட்டத்திலே, வலக்கை அடிகாரருள் தலைசிறந்தவரென ஆட்டமறிந்தோர் பலராலும் கொண்டாடப்படுபவர் ரொஜர்ஸ் ஹோர்ன்ஸ்பி. இவர் 1896ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் ரெக்சாஸ் மாநிலத்து விண்ரர்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்த இவரை அன்னையாரே வளர்த்து ஆளாக்கினார். அவ்வன்னையார் பிறந்த குடியின் பெயரே இவர்க்கு இடுபெயராயிற்று.

1915இல் சென்ற் லூயிஸ் கார்டினல்ஸ் அணியிற் புகுந்தபோது இவர் 19 வயதினர், மெலிந்த யாக்கையர். அவ்வாண்டுப் பனிக்காலத்தைப் பண்ணையொன்றிற் கழித்து, உடல் உரம்பெற்று மீண்டார். 1920 முதல் 1925 வரை ஆறாண்டும் தேசிய லீக்கின் அடிச்சராசரியில் முதலிடம் இவர்க்கே உரியதாயிற்று. இவ்வாட்டத்திற் பத்து முறையில் மூன்று முறை செவ்வையாக அடித்துத் தளஞ்சேர்பவர் வல்லுநராக மதிக்கப்படுவர். இவரோ 1924இல் ஆயிரத்துக்கு 424 என்னும் விகிதத்தை எய்தினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கமுதல் இன்றுவரை அந்த லீக்கில் அதனை விஞ்சினார் எவருமிலர்.

இத்திறனை இவர் கடுநோன்பாற் காத்தார். புகையும் மதுவும் தீண்டார். கண்ணொளி குன்றுமென அஞ்சித் திரைப்படம் பாரார். நூல் படித்தலையும் தவிர்ந்தார். ஏட்டோடு வாழும் நம்மனோர்க்கு இது வியப்பாகத் தோன்றும். எனினும், கண்ணைக் காத்த இவர் நாவைக் காத்திலர். அணி உரிமையாளரிடத்தும் சக வீரரிடத்தும் கடுஞ்சொல்லே வழங்கினார். குதிரைப் பந்தயத்திற் பொருளையும் இழந்தார்.

1926இல் கார்டினல்ஸ் அணியை நடத்தும் பொறுப்பையும் இவரே தாங்கினார். உலகத் தொடர் தொடங்கவிருந்த வேளையில் அன்னையார் மறைந்தார். அடக்கத்தைத் தொடர் முடியுமட்டும் ஒத்திவைத்து இவர் களத்தில் நின்றார். ஏழாம் ஆட்டத்தின் இறுதியில், இரண்டாந் தளத்தைத் திருட ஓடிவந்த பேப் றூத்தைப் பந்தால் தொட்டு வீழ்த்தியவரும் இவரே. அவ்வூர் அணிக்கு அதுவே முதல் உலகத் தொடர் வெற்றி. ஆயினும், ஒப்பந்தப் பூசலால் அவ்வாண்டு டிசெம்பரிலேயே இவர் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார்.

அதன்பின் ஓரிடத்தும் நிலைத்திலர். 1928இற் பொஸ்ரன் சென்று ஏழாம் முறையாக அடிச்சராசரியில் முதல்வரானார். 1929இற் சிக்காகோ கப்ஸ் அணி சேர்ந்து அவ்வாண்டின் சிறந்த வீரரெனத் தெரிவானார். 1930இல் அவ்வணியின் தலைமை இவரிடம் வந்தது. 1932 ஓகஸ்ரில் அத்தலைமையினின்றும் நீக்கப்பட்டார். அவ்வணி அவ்வாண்டே லீக் வெற்றியடைந்து உலகத் தொடரிற் புகுந்தது. வீரர் கூடிப் பரிசுப்பணத்தைப் பங்கிட்டபோது, ஆண்டின் பெரும்பகுதி தம்மை நடத்திய இவர்க்கு ஒரு காசும் ஒதுக்கினாரல்லர்.

மீண்டும் கார்டினல்ஸ், அப்பால் பிறவுண்ஸ் என அலைந்து 1937இல் மட்டையைத் துறந்தார். 1942இற் புகழ்மண்டபம் இவரை ஏற்றது. 1963 ஜனவரி 5ஆம் நாள் சிக்காகோவில் உயிர்நீத்தார்.

இவர் வரலாற்றை மாணாக்கர்க்கு எடுத்துரைப்போர் 424 என்னும் எண்ணை மட்டுங் கூறி அமைதல் ஆகாது. 1932இல் நிகழ்ந்த அப்பங்கீட்டையும் உடன்கூறல் வேண்டும். கூடி ஆடும் ஆட்டத்திலே தனியொருவன் திறன் எவ்வளவு உயரினும், உடனிருப்போர் உள்ளம் தரும் மதிப்பை அது ஈட்டித் தராது என்பதனை அதுவே விளக்கும்.