உடைந்த கப்பலிலிருந்து எழுந்த இல்லம்

இல்லம் என்றதும் சுவரும் கூரையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அலைகளின் மேல் ஆடும் மரக்கலத்தையே இல்லமாகக் கொண்டு வாழ்ந்த ஒருவர் உண்டு. அவரே உலகப் புகழ் பெற்ற மாலுமி ஜோசுவா ஸ்லோக்கம். அவரது வாழ்வை நாம் சற்றுப் பார்ப்போம்.

ஸ்லோக்கம் 1844-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். தந்தையார் காலணி செய்பவர். சிறுவனையும் அத்தொழிலிலேயே அமர்த்தினார். ஆனால் ஸ்லோக்கத்தின் மனமோ கடலையே நாடியது. தாயார் 1860-இல் இறந்தபின் அவர் வீட்டை விட்டு வெளியேறிக் கப்பலில் சேர்ந்தார். கடும் உழைப்பால் படிப்படியாக உயர்ந்து, 25-ஆம் வயதில் கப்பல் தலைவரானார்.

1871-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வர்ஜீனியா என்னும் மங்கையை மணந்தார். அன்று முதல் அவர்களுக்குக் கப்பலே வீடு, கடலே முற்றம். ஏழு குழந்தைகள் பிறந்தனர், நால்வரே எஞ்சினர். வர்ஜீனியா கப்பலிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்தார். ஆனால் அந்த இனிய இல்லறம் நீடிக்கவில்லை. 1884-இல் போனஸ் அயர்ஸ் துறைமுகத்தில், 'அக்விட்னெக்' என்னும் தங்கள் கப்பலிலேயே வர்ஜீனியா கண்ணை மூடினார்.

1886-இல் ஸ்லோக்கம் ஹெட்டி என்னும் 24 வயதுப் பெண்ணை மறுமணம் செய்தார். மறு ஆண்டின் இறுதியில் 'அக்விட்னெக்' பிரேசில் நாட்டின் பரனாகுவா விரிகுடாவில் தரை தட்டி உடைந்தது. அந்நிய நாடு, மனைவி, இரு மகன்கள், கையிலோ பொருளில்லை. வேறொருவராயின் உள்ளம் உடைந்திருப்பார். ஸ்லோக்கமோ, உடைந்த கப்பலில் மிஞ்சியவற்றையும் காட்டு மரங்களையும் கொண்டு 35 அடி நீளமுள்ள படகு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். 16 வயது விக்டர் தந்தைக்குத் தோள் கொடுத்தான். ஹெட்டி பாய்களைத் தைத்தார். செப்புக் காசுகளும் துளையிடப்பட்டு ஆணிகளுக்கு வில்லைகளாயின! படகு எளிதில் மூழ்காதிருக்க இருபுறமும் மூங்கில்கள் கட்டப்பட்டன. கித்தான் கூரையிட்ட சிறு அறையே குடும்பத்தின் உறைவிடம்.

1888 மே 13 அன்று படகு நீரில் இறங்கியது. அதே நாளில்தான் பிரேசிலில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தில் இளவரசி இசபெல் கையொப்பமிட்டார். ஆகவே படகிற்கு 'லிபர்டாடே', அதாவது விடுதலை, என்று பெயர் சூட்டினார்கள்.

ஜூன் 24-இல் பயணம் தொடங்கியது. முதற் புயலிலேயே பாய்கள் கிழிந்து கந்தலாயின. சாண்டோஸிலிருந்து ரியோ டி ஜெனிரோ வரை நீராவிக் கப்பல் ஒன்று படகை இழுத்துச் சென்றது. ஆபத்து நேர்ந்தால் கயிற்றை வெட்டுவதற்காக விக்டர் கையில் கோடரியுடன் காத்திருந்தான். புதிய பாய்களுடன் வெப்பமான அக்கரையோரமாகவே பாஹியா, பெர்னாம்புகோ என்று துறை துறையாகச் சென்றார்கள். ஓர் இரவு திமிங்கிலம் ஒன்று அடியிலிருந்து படகை இடித்தது! பெர்னாம்புகோவிலிருந்து 19 நாட்களில் பார்படோஸ் தீவை அடைந்தார்கள். அக்டோபர் 28-இல் அமெரிக்காவின் தென் கரோலினாக் கரை தெரிந்தது. 55 நாட்கள் கடலில். ஏறக்குறைய 5,500 மைல்கள்!

பின்னர், பழுதடைந்து கிடந்த 'ஸ்ப்ரே' என்னும் படகைத் தம் கையாலேயே புதுப்பித்து, 1895 முதல் 1898 வரை தன்னந்தனியே உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர் என்னும் அழியாப் புகழை அவர் பெற்றார். 1909 நவம்பரில் அதே 'ஸ்ப்ரே'யில் புறப்பட்டவர் திரும்பவே இல்லை.

உலகம் ஸ்லோக்கத்தின் தனிப் பயணத்தையே பெரிதும் போற்றுகிறது. போற்றத்தக்கதே. ஆயினும் மாணவியராகிய நம் நெஞ்சம் 'லிபர்டாடே'யையே சுற்றி வருகிறது. மணமாகி இரண்டே ஆண்டுகளில், கப்பலை இழந்த கணவருடன், தாமே தைத்த பாயை நம்பிக் கடலில் இறங்கிய ஹெட்டியின் துணிவு சிறிதா? உலகைச் சுற்றிய பயணத்தில் அவர் உடன் செல்லவில்லை. அதற்காக அவரைக் கோழை என்று யார் சொல்ல முடியும்? புகழ் பெற்ற ஒருவரின் பின்னே பெயர் மறைந்த பல கைகள் உழைத்திருக்கின்றன. அக்கைகளையும் நன்றியோடு எண்ணிப் பார்க்கக் கற்போம். இழப்பு நேரும்போது மிஞ்சியது என்ன என்று தேடுவோம். அதைக் கொண்டே மீண்டும் கட்டி எழுப்புவோம்!