பிளேக் நோயை எதிர்த்துப் போராடிய ஹாப்கின்

மும்பை பரேலில் உள்ள ஹாப்கின் நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பார்க்காத மும்பைத் தமிழர்கள் குறைவு. அந்தப் பெயருக்கு உரியவர் மராட்டியரும் அல்ல, ஆங்கிலேயரும் அல்ல. ரஷியப் பேரரசில் பிறந்த யூதர். பம்பாய் நகரம் பிளேக் நோயால் செத்துக்கொண்டிருந்தபோது தடுப்பு ஊசி மருந்து கண்டுபிடித்தவர். அதற்காகப் பாராட்டும் பெற்றார். செய்யாத குற்றத்துக்குப் பழியும் சுமந்தார்.

வால்டெமார் ஹாப்கின் 1860-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி ஒடெசா நகரில் பிறந்தார். ஒடெசா பல்கலைக்கழகத்தில் மெச்னிகாப் என்ற பெரிய விஞ்ஞானியிடம் பயின்றார். யூதர் என்பதால் அவருடைய முன்னேற்றத்துக்குத் தடை ஏற்பட்டது. மதம் மாறினால் உத்தியோகம் உண்டு என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். பிறகு பாரிஸ் சென்று பாஸ்டர் நிலையத்தில் சேர்ந்தார். அங்கே முதலில் கிடைத்தது உதவி நூலகர் வேலைதான்.

அந்த வேலையில் இருந்துகொண்டே ஆராய்ச்சி செய்தார். 1892-ல் காலராவுக்குத் தடுப்பு மருந்து தயாரித்து, ஜூலை 18-ந் தேதி தமக்கே ஊசி போட்டுக்கொண்டார்.

கல்கத்தா சேரியில்

1893-ல் கல்கத்தா வந்தார். மக்கள் ஊசி என்றாலே பயந்தார்கள். 1894-ல் அந்நகரச் சேரி ஒன்றில் காலரா பரவியது. சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். பின்னர் 10 பேருக்கு நோய் கண்டது. அந்தப் பத்துப் பேரும் ஊசி போடாதவர்கள். அதன்பின் ஊசிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

பம்பாயில் பிளேக்

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் பரவியிருப்பதை டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்து சொன்னார். மாண்ட்வி தானியக் கிடங்குகள் நிறைந்த இடம். எலிகளுக்குப் பஞ்சமே இல்லை. காற்றும் வெளிச்சமும் இல்லாத சால்களில், ஒரே அறையில் பலர் குடியிருந்தார்கள். நோய் காட்டுத்தீ போலப் பரவியது. மக்கள் லட்சக்கணக்கில் ரெயிலிலும் கப்பலிலும் ஊரை விட்டு ஓடினார்கள். ஆலைகள் ஆளின்றி முடங்கின.

அரசாங்கம் ஹாப்கினை வரவழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் தாழ்வாரமும் கொடுத்தார்கள். உதவிக்கு ஒரு குமாஸ்தாவும் மூன்று பியூன்களும் மட்டுமே. கோமாமிசமோ பன்றி இறைச்சியோ கலந்தால் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று அறிந்து, ஆட்டிறைச்சிச் சாற்றில் நெய் விட்டுக் கிருமியை வளர்த்தார். பிறகு சூடு காட்டிக் கிருமியைக் கொன்றார். செத்த கிருமியே மருந்து ஆயிற்று.

1897 ஜனவரி 10-ந் தேதி, அந்த மருந்தையும் முதலில் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். கடுமையான காய்ச்சல் அடித்தது; பொறுத்துக்கொண்டார். அதே மாதக் கடைசியில் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்தது. கைதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் தாங்களாகவே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். ஊசி போடாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் இரண்டு பேருக்குத்தான் நோய் வந்தது, இருவரும் பிழைத்தார்கள்.

ஆகாகான் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார். தமது மாளிகை ஒன்றையும் ஆராய்ச்சிக்குத் தந்தார். 1899-ல் ஹாப்கினின் ஆய்வுக்கூடம் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகைக்கு மாறியது.

கட்டாயமும் கலகமும்

அதிகாரிகளின் வழி வேறாக இருந்தது. சிப்பாய்களை அனுப்பி வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். நோயாளிகளைப் பலவந்தமாகத் தூக்கிப் போனார்கள். 1897 ஜூனில் பூனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். 1898 மார்ச்சில் பம்பாயிலும் கலகம் மூண்டது. ஊசியோ, விரும்பி வந்தவர்களுக்கே போடப்பட்டு ஆதரவைப் பெற்றது.

1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டது. நெரிசலான பகுதிகளை இடித்து, காற்று வர அகலமான சாலைகள் போட்டார்கள். தமிழர்கள் பெருவாரியாகக் குடியேறிய மாட்டுங்கா, இந்த டிரஸ்டின் தாதர்-மாட்டுங்கா திட்டத்தில் உருவான பகுதிதான். ஆனால் இடிபட்ட வீடுகளில் இருந்த ஏழைகள் பலருக்கு மாற்று வீடு கிடைக்கவில்லை. அவர்கள் அடுத்த நெரிசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

வீண்பழி

1902 அக்டோபர் 30-ந் தேதி பஞ்சாபில் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் டெட்டனஸ் என்னும் இழுப்பு நோயால் இறந்தார்கள். ஆய்வுக்கூடத்தில்தான் தவறு என்று விசாரணைக் குழு முடிவு கட்டியது. ஹாப்கின் பதவியிலிருந்து நிறுத்தப்பட்டு லண்டன் போனார்.

புட்டியைத் திறந்த இடத்தில், இடுக்கி ஒன்று தரையில் விழுந்திருந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல், அதைக்கொண்டே தக்கையைப் பிடுங்கியிருந்தார்கள். ஆய்வுக்கூடத்திலேயே விஷம் கலந்திருந்தால், புட்டியைத் திறந்தபோதே துர்நாற்றம் வீசியிருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. மலேரியா ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ரொனால்ட் ராஸ் உட்பட 10 விஞ்ஞானிகள் 1907-ல் லண்டன் பத்திரிகையில் ஹாப்கினுக்காக வாதாடினார்கள். அந்த ஆண்டே பழி நீங்கியது. ஆனால் ஐந்து ஆண்டுகள் வீணாகிவிட்டன.

மீண்டும் இந்தியா வந்தார். பம்பாய் பதவி கிடைக்கவில்லை. கல்கத்தாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1930 அக்டோபர் 26-ந் தேதி சுவிட்சர்லாந்தில் லாசேன் நகரில் காலமானார்.

பரேல் ஆய்வுக்கூடத்துக்கு 1925-ல் அவர் பெயரைச் சூட்டினார்கள். அப்போது அவர் உயிருடன் இருந்தார். 1964-ல் சுதந்திர இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. பிளேக் ஒழிந்ததற்கு ஊசி மட்டுமே காரணம் அல்ல. எலியும் தெள்ளுப்பூச்சியும் சேராத வீடும் வேண்டியிருந்தது. ஆனால் அந்த வீடு கிடைக்காத லட்சக்கணக்கான ஏழைகளுக்கு, அன்று கையில் இருந்த ஒரே பாதுகாப்பு ஹாப்கினின் ஊசிதான்.