உடைந்த தட்டும் உடையாத குரலும்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவன்)

மண்ணைச் சுட்டுப் பீங்கானாக்கும் ஊர் எங்கள் விருத்தாசலம். சூளையில் வெந்த கோப்பை உடைந்தால் மறுபடி மண்ணாகாது என்பார், சூளையில் வேலை பார்க்கும் என் தந்தை. அதை நான் உணர்ந்தது ஓர் இசைத்தட்டினால்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய 'எவரனி' தட்டு இருந்தது. பாட்டுப்பெட்டி என்றோ விலைபோய்விட்டது. ஆறாம் வகுப்பில் படிக்கும்போது தட்டை எடுத்துப் பார்த்தேன். கை நழுவி மூன்று துண்டாயிற்று. தாத்தா அடிக்கவில்லை, அன்று முழுதும் பேசவுமில்லை. அத்தனை பெரியவரா கிட்டப்பா என்று பிற்பாடு தேடிப் படித்தேன்.

1906-இல் செங்கோட்டையில் பிறந்தவர் அவர். வறுமை அவரைப் பள்ளிக்கு அனுப்பாமல், சிறு வயதிலேயே நாடக மேடைக்கு அனுப்பியது. சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவிலும், பின்னர் கன்னையா கம்பெனியிலும் நடித்தார். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசியில் தரையில் அமர்ந்தவன் செவிக்கும் எட்டும்படி உச்ச சுருதியில் பாடினார். இலங்கை மேடையில் உடன் நடித்த கே.பி. சுந்தராம்பாளை 1927-இல் மணந்தார். இருவரும் மேடையில் தேச விடுதலைப் பாடல்களும் பாடினர்.

மேடையில் விரித்துப் பாடுவதை, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில், ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டும். அந்தச் சிறு எல்லைக்குள்ளும் அவர் குரல் குறுகவில்லை. தமிழில் பேசும்படம் 1931-இல் வந்தும், அவர் திரையில் தோன்றவில்லை. 1933 டிசம்பர் 2-ஆம் நாள், 27 வயதில் மறைந்தார். 25 வயதான சுந்தராம்பாள் அன்று முதல் வெள்ளுடை தரித்தார். உலகுக்கு மிஞ்சியவை அந்தத் தட்டுகளே.

தட்டுகளோ அரக்குக் கலவையால் ஆனவை, எளிதில் நொறுங்குபவை. பெயர் தெரியாத எத்தனையோ பேர் துணி சுற்றிக் காத்ததால்தான், அப்பாடல்கள் ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் மறுபிறவி எடுத்தன.

சென்ற பொங்கல் விடுமுறையில் அதே பாட்டைக் கைபேசியில் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். தட்டின் கரகரப்பும் அப்படியே இருந்தது. கண்மூடிக் கேட்டார், இன்னொரு முறை போடச் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். உடைத்த கையே தேடியும் கொடுத்தது, படித்ததன் பயன் என்று மகிழ்கிறேன். மாணவ நண்பர்களே, வீட்டில் பழைய தட்டு கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். அதனுள் ஒருவர் இன்னும் பாடிக்கொண்டிருக்கலாம்.