உமறுப் புலவரும் இரண்டு வியாபாரிகளும்



நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து இப்போது பல்கலைக்கழகத்தில் வாசிக்கும் ஒரு பிள்ளை, சங்கத்துக்கு ஒரு மனு அனுப்பியிருக்கிறான். கட்டணத்துக்காக அல்ல. கேமரன் மலையில் காடழித்துத் தேயிலை நட்டவர்களைப் பற்றி அவர்கள் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் தெரிந்த கதைகளையெல்லாம் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டு எழுத வேண்டுமாம். ஓராண்டுச் செலவுக்கு வழி கேட்கிறான். பட்டமும் தராத, சம்பளமும் தராத வேலைக்கு நாம் ஏன் காசு கொடுப்பது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. நானும் தலையாட்டினவன்தான். கடைக்குத் திரும்பிப் பேரேட்டைப் புரட்டும்போதுதான் உமறுப் புலவரின் சரித்திரம் மனத்தில் வந்து நின்றது.

உமறு 1642ஆம் ஆண்டு பிறந்தவர். தகப்பனார் நறுமணப் பொருள் விற்ற வியாபாரி என்பார்கள். எட்டயபுரம் சமஸ்தானப் புலவராயிருந்த கடிகைமுத்துப் புலவரிடம் பிள்ளையைப் படிக்க விட்டார்கள். ஆசிரியர் இந்து, மாணவர் முஸ்லிம். அந்நாளில் அது யாருக்கும் விகற்பமாகப் படவில்லை. வடக்கேயிருந்து வந்த வாலை வாருதி என்ற வித்துவானைப் பதினாறு வயதிலேயே உமறு வாதில் வென்றார் என்று சொல்லப்படுகிறது. பிறகு ஆசிரியரின் ஸ்தானத்தில் அவரே அரண்மனைப் புலவரானார்.

அப்போது கீழக்கரையில் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்ற கப்பல் வியாபாரி இருந்தார். சீதக்காதி என்றால்தான் நமக்குத் தெரியும். சேதுபதி மன்னருக்கு வேண்டியவர். பஞ்ச காலத்தில் சோறு போட்டவர். தமிழில் 1572இலேயே ஆயிர மசலா போன்ற நூல்கள் வந்துவிட்டன. ஆனால் நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹிவஸல்லம் அவர்களின் வாழ்வைப் பெருங்காப்பியமாகச் சொல்லும் நூல் இல்லை. அதைப் பாடும்படி உமறுவைக் கேட்டுக்கொண்டு, ஆகும் செலவைச் சீதக்காதி ஏற்றுக்கொண்டார்.

இங்கேதான் கஷ்டம் ஆரம்பித்தது. தமிழில் உமறு கடல். சரித்திர ஆதாரங்களோ அரபியில் இருந்தன. கீழக்கரையில் பெரிய ஆலிமான சதக்கத்துல்லா அப்பாவிடம் போனார். இந்துப் புலவரைப் போன்ற கோலத்தில் வந்த இளைஞரைக் கண்டு அப்பா முதலில் உரை சொல்ல மறுத்துவிட்டார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். பின்னர் மனமிரங்கிப் பரங்கிப்பேட்டை லெப்பை அலி ஹாஜியாரிடம் அனுப்பினார். அந்தப் பெரியவர் அரபி வரலாறுகளைத் தமிழில் எடுத்துச் சொல்லச் சொல்ல, உமறு கேட்டுப் பாடம் செய்துகொண்டார். ஒரு விருத்தம் பாடுமுன் எவ்வளவு தேடுதல், எவ்வளவு நடை, எவ்வளவு காத்திருத்தல்! அந்த நாட்களில் வரவு ஒன்றும் இல்லை, செலவு மட்டும்தான். நம்மைப் போன்றவர்கள் கணக்குப் பார்த்தால் மூன்றாம் மாதமே கைமாற்றை நிறுத்தியிருப்போம்.

நூல் முடியுமுன் சீதக்காதி வஃபாத்தானார். செத்தும் கொடுத்த வள்ளல் என்று உலகம் சொல்லும் அவர் போனதும், பாதியில் நின்ற வேலைக்குத் தாங்குவார் யார்? பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்தார். அவரும் வியாபாரிதான். வேறொருவர் தொடங்கிய காரியம், அதில் பேர் நமக்கு வருமோ வராதோ என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. உமறுவை ஆதரித்து நூலைத் தொடரச் செய்தார். ஆனால் பாருங்கள், சீறாப்புராணத்தில் பல இடங்களில் புகழப்படும் பெயர் அபுல் காசிமுடையதே, முதலில் கொடுத்தவருடையது அல்ல. சீதக்காதிக்கு உமறு பாடிய திருமண வாழ்த்து தனியே இருக்கிறது.

விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டங்கள், 5027 பாடல்கள். அவ்வளவு பாடியும் நாயகத்தின் வாழ்வு முழுவதும் அதில் வரவில்லை. ஹிஜ்ரத்துக் காண்டத்தோடு நின்றுவிட்டது. 1703இல் உமறு காலமானார். மீதியைப் பின்னாளில் பனீ அஹ்மது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். ஏடாகக் கிடந்த சீறாவை 1842இல் ஷெய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் புலவர் தேடிச் சேர்த்து அச்சிட்டார். இப்படி ஒருவர் விட்டதை ஒருவர் எடுத்திராவிட்டால் நம் வீடுகளில் சீறா ஓதும் சத்தமே கேட்டிருக்காது.

நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கார சகோதரர்கள் 1946இல் தொடங்கிய தமிழ்ப் பள்ளிக்கு உமறுப் புலவர் பெயரையே வைத்தார்கள். அந்தப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அதே பெயரில் தமிழ் மொழி நிலையம் வந்தது.

ஜகாத்துப் பணத்துக்கு உரியவர் எட்டு வகையார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அந்தப் பிள்ளைக்கு அதிலிருந்து எடுக்க நான் சொல்லவில்லை. சதக்காவாக மாதம் ஒரு தொகை என் கடையிலிருந்து எழுதிக்கொள்ளும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். ஓராண்டுச் செலவுக்கு அது போதாது. அவன் மனு அடுத்த கூட்டத்தில் மறுபடி வருகிறது.